புரட்டாசி முதல் மார்கழி வரை: செட்டிநாட்டில் புதிதாகக் குடித்தனம் தொடங்குவோர்க்கு ஒரு வழிகாட்டி

பணி மாற்றத்தாலோ திருமணத்தாலோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர்ப் பக்கம் புதிதாகக் குடிவந்த குடும்பங்கள், முதல் ஆண்டில் தடுமாறுவது பெரும்பாலும் புரட்டாசிக்கும் மார்கழிக்கும் இடைப்பட்ட மாதங்களில்தான். காலாண்டுத் தேர்வு, நவராத்திரி, வடகிழக்குப் பருவமழை, தீபாவளி, கந்த சஷ்டி, ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தங்கள், திருக்கார்த்திகை, அரையாண்டுத் தேர்வு, பிள்ளையார் நோன்பு ஆகிய எல்லாம் நான்கு மாதங்களுக்குள் வந்து சேர்கின்றன. மழை கொட்டும் நாளைத் தவிர இவற்றில் எதுவும் முன்கூட்டித் தெரியாதது இல்லை. ஆயினும் வீடு திணறுகிறதென்றால், அந்தத் தேதிகளும் அவற்றுக்குரிய வேலைகளும் வீட்டில் ஒருவருடைய நினைவில் மட்டும் இருப்பதே காரணம். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டுப் பெண் என்பதையும் சொல்லியாக வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த நினைவுச் சுமையை ஒருவர் தலையிலிருந்து இறக்கி, எல்லார் கண்ணிலும் படும்படி வைப்பதற்கானவை.

முதற்படி: ஒரு சிட்டை போடுங்கள்

கணக்கெழுதுவதில் இந்த மண்ணுக்கு நீண்ட பழக்கம் உண்டு. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீட்டுத் திருமணங்களில் கொடுத்தது, வாங்கியது, செய்ய வேண்டிய முறை ஆகிய எல்லாவற்றையும் எழுதிவைப்பது இன்றும் மாறாத வழக்கம். சிட்டை என்னும் அந்தக் குறிப்பேட்டுப் பழக்கத்தை உங்கள் குடும்பத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆவணி முடிவதற்குள் நீளவாட்டுக் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, பக்கத்துக்கு நான்கு பத்தியாகப் பிரித்து, தேதி, வேலை, பொறுப்பு, முன்னேற்பாடு முடிய வேண்டிய நாள் என்று தலைப்பிடுங்கள். நோட்டு அலமாரிக்குள் போய்விடக் கூடாது. சமையலறைக்கும் வாசலுக்கும் இடையே எல்லாரும் கடந்து செல்லும் இடத்தில், ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கைபேசியில் குடும்பக் குழு இருக்கிறதே என்று தோன்றலாம். அங்கே வரும் செய்தி அரைநாளில் நூறு வாழ்த்துப் படங்களுக்கு அடியில் போய்விடும். கைபேசி இல்லாத பிள்ளைக்கும் எழுத்துச் சிறிதாகத் தெரியும் பெரியவருக்கும் அது எட்டுவதே இல்லை. கைபேசியை மணி அடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

நான்கு பத்திகளில் முக்கியமானது 'பொறுப்பு' என்பதுதான். அதில் ஒருவர் பெயர் எழுதப்பட்டால், அந்த வேலையைக் கவனிப்பது, திட்டமிடுவது, முடிப்பது மூன்றும் அவருடையவை என்று குடும்பம் முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, பிள்ளையின் சீருடை அப்பாவின் பொறுப்பு என்றால், அது குட்டையாகிவிட்டதைக் கவனிப்பதும், தையற்காரரிடம் அளவு கொடுப்பதும், வாங்கி வருவதும் அவரையே சேரும். 'நீ சொல்லியிருந்தால் வாங்கி வந்திருப்பேனே' என்ற பேச்சுக்கு இடம் இருக்கும்வரை, வேலை பகிரப்பட்டதாக ஆகாது. சொல்ல வேண்டியதை நினைவில் வைத்திருப்பதே பாதி வேலை. பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு முழுப் பொறுப்பு கொடுக்கலாம். விளக்குகளைத் துடைத்துத் திரி போட்டு வைப்பதும், செடித் தொட்டிகளின் தட்டுநீரைக் கொட்டுவதும் அந்த வயதில் நன்றாகவே செய்யக்கூடியவை.

ஞாயிறு மாலையில் அரைமணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து அடுத்த இரண்டு வாரப் பக்கங்களை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அந்த நேரத்தில் தொலைக்காட்சி வேண்டாம்.

இரண்டாம் படி: தேதிகளைப் பின்னிருந்து எண்ணுங்கள்

பண்டிகைத் தேதிகள் ஆண்டுக்காண்டு நகர்வதால், சென்ற ஆண்டு நினைவை வைத்துக்கொண்டு இந்த ஆண்டைத் திட்டமிட முடியாது. தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. ஆனால் விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் இடைப்பட்ட தூரம் பெரிதாக மாறுவதில்லை. பெரும்பாலும் மூன்று வாரத்துக்கும் குறைவுதான். கொலு வைக்கும் வீடுகளில் பொம்மைகளைப் பொதிந்து மேலே ஏற்றி முடித்த கையோடு பலகாரத்துக்கு அரிசி ஊறவைக்க வேண்டியிருக்கும். ஆகவே துணி, பயணச்சீட்டு, வீட்டுப் பழுது ஆகிய பெரிய வேலைகள் எல்லாம் மகாளய அமாவாசைக்கு முன்னரே முடிய வேண்டும் என்று சிட்டையில் எழுதிவிடுங்கள்.

தீபாவளிக்கும் திருக்கார்த்திகைக்கும் இடையிலான தூரமோ மிகவும் மாறக்கூடியது. திருக்கார்த்திகை கார்த்திகை மாதத்து நட்சத்திரத்தைக் கொண்டு வருவதால், 2023இல் இரண்டும் இரண்டே வார இடைவெளியில் வந்தன. 2024இல் டிசம்பர் 13 வரை ஆறு வார அவகாசம் கிடைத்தது. பிள்ளையார் நோன்பு திருக்கார்த்திகையிலிருந்து எண்ணப்படுவதால் அதுவும் கூடவே நகர்கிறது. பஞ்சாங்கத்தையும் பள்ளி கொடுத்த நாட்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேர்வும் விழாவும் மோதும் வாரங்களைச் சிவப்பு மையால் கட்டம் கட்டுங்கள். அந்த வாரங்களில் விருந்தினரை அழைப்பதில்லை என்று முன்னரே முடிவெடுத்துவிட்டால், பின்னர் யாரிடமும் முகம் கோணாமல் சொல்லலாம்.

திருமண அழைப்புகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். புரட்டாசியிலும் மார்கழியிலும் பொதுவாக முகூர்த்தம் வைப்பதில்லை என்பதால், ஆவணி, ஐப்பசி, கார்த்திகை மூன்றிலும் அழைப்புகள் குவியும். மொய்க்கென்று மாதந்தோறும் ஒரு தொகையைத் தனி உறையில் வைத்துவிடுவதும், எழுதிய மொய்யைச் சிட்டையில் குறித்துக்கொள்வதும் தீபாவளிச் செலவைக் கலையாமல் காக்கும்.

புதியவர்கள் கவனிக்க வேண்டிய உள்ளூர்க் கூட்டங்கள் சில உண்டு. 'தென் திருப்பதி' என்று வழங்கும் அரியக்குடிப் பெருமாள் கோயிலில் புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும், குன்றக்குடியில் கந்த சஷ்டி நாட்களிலும் பெருங்கூட்டம் கூடும். அந்த வழியே அலுவலகமோ பள்ளியோ செல்பவர்கள் அன்று அரைமணி முன்னதாகக் கிளம்ப வேண்டும்.

மூன்றாம் படி: மழைக்கு முன் வெயிலைப் பயன்படுத்துங்கள்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். முதல் ஆண்டுக் குடும்பங்கள் அதிகம் இழப்பது இங்கேதான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி அது தொடங்குவது வழக்கம். அதாவது தீபாவளிக்குத் துணி துவைத்துக் காயவைக்க நினைக்கும் நாளில் வானம் மூடியிருக்கும். வெயில் தேவைப்படும் வேலைகள் அத்தனையையும் புரட்டாசி முதல் பாதிக்குள் முடித்துவிடுவது என்பதை ஒரு விதியாகவே கொள்ளுங்கள்.

அவற்றில் முதலாவது மிளகாய், மல்லி, மஞ்சள். நன்றாகக் காய்ந்து, மில்லில் அரைத்து, சூடு ஆறிய பின்பே டப்பாவில் அடைக்கப்பட்ட பொடி தை வரை கெடாது. ஈரத்தோடு அரைத்தது பூசணம் பிடிக்கும். பருப்பு, அரிசி, புளி, வடகம், வற்றல் ஆகியவற்றையும் ஒருமுறை வெயில் காட்டுங்கள். அடுத்து, போர்வை, தலையணை, பட்டுப்புடவை பொதிந்த துணி, பீரோ மூலையில் கிடக்கும் கம்பளி. மூன்றாவதாக, மழைக்கோட்டையும் குடையையும் விரித்துப் பாருங்கள். கிழிந்ததை மாற்ற அப்போதுதான் கடையில் அவகாசம் இருக்கும்.

பழைய செட்டிநாட்டு வீட்டிலோ அதன் ஒரு பகுதியிலோ வாடகைக்கு இருப்பவர்கள் கூரையைப் பார்த்தே ஆக வேண்டும். நாட்டு ஓடு போட்ட கூரையில், இரு சரிவுகள் சேரும் கூடல்வாயில்தான் இலைச்சருகு அடைத்து நீர் உள்ளே இறங்கும். ஓடு மாற்றத் தெரிந்த கொத்தனார்கள் மழை தொடங்கிய பின் கிடைப்பது அரிது. ஆவணியிலேயே வீட்டுக்காரரிடம் பேசி, எந்தச் செலவு யாருடையது என்று எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். அதே பேச்சில் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீடாக இருந்தால், நோன்புக்கோ முன்னோர்க்கான படைப்புக்கோ அவர்கள் வந்து தங்கக்கூடும். எந்த நாள், எத்தனை பேர், முகப்பு, பட்டாலை போன்ற பொது இடங்கள் அவர்களுக்கு வேண்டுமா என்பது முன்னரே தெரிந்தால் இரு தரப்புக்கும் சங்கடம் இல்லை.

வீட்டு நடுவிலுள்ள வளவு முற்றத்தின் தூம்புகள் (நீர் இறங்கும் குழாய்கள்) வழியே விழும் மழைநீரை அண்டாவில் பிடித்துவைக்கும் பழைய ஏற்பாடு மிகச் சிறந்தது. உங்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் மூடி அல்லது வெள்ளைத் துணி கட்டாத அண்டாவில் டெங்குக் கொசு வளரும். ஏடிஸ் கொசு தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு நாள் என்று நாள் குறித்துத் தொட்டி, குடம், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, செடித்தட்டு, மாடியில் கிடக்கும் பழைய டயர் ஆகியவற்றைக் கவிழ்க்க வேண்டும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டியிருப்பதால் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவதும் அவசியம்.

நான்காம் படி: பயணமும் துணியும்

சொந்த ஊருக்குப் போகிறவர்கள், பயணத்துக்கு 60 நாள் முன்பே ரயில் முன்பதிவு திறக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். முன்பு 120 நாளாக இருந்த இந்த அவகாசம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைக்கப்பட்டது. தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்தக் காலை எட்டு மணிக்கு யார் உட்கார்ந்து பதிவு செய்வது என்பதைச் சிட்டையில் எழுதுங்கள். காரைக்குடியிலிருந்து சென்னைக்குச் செல்லும் பல்லவன் விரைவு ரயிலில் பண்டிகைக் காலத்து இருக்கைகள் வெகு விரைவில் நிரம்பிவிடும். தலைதீபாவளி கொண்டாடும் இளையவர்கள் எந்த வீட்டுக்கு எந்த நாள் என்பதை இரு வீட்டாரிடமும் ஆவணியிலேயே பேசி முடித்துவிட்டால் பிறகு மனவருத்தம் இராது.

துணிக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கண்டாங்கிச் சேலை நெய்யக் கொடுப்பதாக இருந்தால் மட்டும், இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பருத்திச் சேலை கைத்தறியில் நெய்யப்படுவது. பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு உலர்த்த வெயில் வேண்டும் என்பதால், மழைக்காலத்தில் நெசவாளரை அவசரப்படுத்துவது நியாயமும் அன்று, பயனும் இல்லை.

ஐந்தாம் படி: பலகாரத்தைப் பிரித்துச் செய்யுங்கள்

செட்டிநாட்டில் தீபாவளிப் பலகாரம் என்பது இரண்டு இனிப்பும் ஒரு காரமும் அன்று. அதிரசம், மாவுருண்டை, சீப்புச் சீடை, தேன்குழல், மனகோலம், கைமுறுக்கு என்று அண்டை வீடுகளிலிருந்து தூக்குகள் வரத் தொடங்கும்போது, திருப்பி அனுப்ப எதுவும் இல்லையே என்ற கவலை புதியவர்களுக்கு வரும். எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை. ஒன்றையோ இரண்டையோ நன்றாகச் செய்தால் போதும்; எஞ்சியவற்றை வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கும் ஆச்சிகளிடம் சொல்லி வாங்கலாம். காரைக்குடியில் இது ஒரு பெரிய தொழில். அவர்களிடம் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகச் சொல்லி, முன்பணம் கொடுத்து, எந்த நாள் எடுத்துக்கொள்வது என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வேலைக்குச் செல்லும் தம்பதியர்க்கு நான் முதலில் பரிந்துரைப்பது மாவுருண்டைதான். பாசிப்பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, அரைத்து, சர்க்கரைப் பொடி சேர்த்து, சூடான நெய் ஊற்றிப் பிடித்தால் முடிந்தது. எண்ணெய்ச் சட்டி வைக்கத் தேவையில்லை, பிள்ளைகளும் உடன் உட்கார்ந்து பிடிக்கலாம், காற்றுப் புகாத டப்பாவில் பல நாள் இருக்கும். அதிரசத்துக்கு வேறு கணக்கு. பச்சரிசியை ஊறவைத்து வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போகுமுன் மாவாக்க வேண்டும்; பாகு சேர்த்த மாவு ஓரிரு நாளாவது ஊற வேண்டும். ஆகவே தீபாவளிக்கு முந்தைய வாரக் கடைசியில் மாவு கிளறிவிட்டு, வார நடுவில் ஒரு மாலை சுட்டெடுப்பது நல்ல வரிசை. முதன்முறை செய்பவர்கள் பாகுப் பதத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முயல்வதைவிட, பக்கத்து வீட்டு ஆச்சியை அந்த நேரத்துக்கு மட்டும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். மகிழ்ச்சியோடு வருவார்கள், அந்த அரைமணியில் தொடங்கும் உறவு பல ஆண்டு நீடிக்கும்.

தேங்காய்ப்பால் சேரும் சீப்புச் சீடை, தேன்குழலைவிட விரைவில் சிக்கடிக்கும். கடைசி இரண்டு மூன்று நாளுக்குள் செய்வதே நல்லது. வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் அன்றன்று சூடாகச் செய்ய வேண்டியவை. அதற்கான அரிசியையும் உளுந்தையும் முந்தைய இரவு அளந்து வைத்துவிட்டு உறங்கச் செல்லுங்கள்.

மில்லில் தீபாவளிக்கு முந்தைய நான்கு நாள் வரிசை நீளும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்பது செய்தித்தாளில் வரும். அந்தப் பகலில் அரைப்பதற்கு எதையும் ஊறப்போடாதீர்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கும் தீபாவளி உண்டு என்பதால், அவருடைய விடுப்பு நாட்களை அவரிடமே கேட்டுச் சிட்டையில் எழுதி, போனசையும் துணியையும் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே கொடுங்கள். முந்தைய மாலை கொடுக்கும் பணத்தால் அவர் கடைக்குப் போய் வாங்க நேரம் இருக்காது.

பட்டாசு வெடிக்கத் தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் காலை 6 முதல் 7 வரையும், இரவு 7 முதல் 8 வரையும்தான் அனுமதி. அந்த இரண்டு மணி நேரமும் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு வாசலில் நிற்பது அவர் பெயருக்கு எழுதப்பட்ட வேலையாக இருக்கட்டும். பருத்தி உடை, காலணி, ஒரு வாளி நீர் ஆகியவை வேண்டும். தீக்காயம் பட்டால் ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். மையோ பற்பசையோ தடவக் கூடாது. அந்த வாரத்தில் தனியார் மருத்துவர் பலர் ஊருக்குப் போய்விடுவதால், பெரியவர்களின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை முன்கூட்டியே வாங்கிவைப்பதும் அவசியம்.

ஆறாம் படி: மழை விடுமுறை நாளுக்கு ஒரு திட்டம்

கனமழை நாளில் பள்ளி விடுமுறையை மாவட்ட ஆட்சியர் அறிவிப்பது பலமுறை காலையில்தான். செட்டிநாட்டின் ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்ற இரு மாவட்டங்களிலும் பரவியிருப்பதால், பிள்ளையின் பள்ளி ஒரு மாவட்டத்திலும் உங்கள் அலுவலகம் மற்றொன்றிலும் இருக்கலாம்; பள்ளிக்கு விடுமுறை, உங்களுக்கு வேலை என்ற நிலை அடிக்கடி வரும். அன்று வீட்டில் இருப்பவர் யார் என்பதை முறைவைத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றை மழைநாள் அம்மாவுக்கு, அடுத்தது அப்பாவுக்கு என்று மாறி மாறி வரட்டும். இருவரும் வெளியே போயே ஆக வேண்டிய நாளுக்கு, உங்களைப் போன்றே பிள்ளை உள்ள ஒரு வீட்டோடு பேசிவைத்து, நீங்களும் அவர்கள் பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள்.

மழைநாள் சமையலுக்கு ரசப்பொடி, பருப்புப்பொடி, இரண்டு வகை வற்றல் கையிருப்பில் இருந்தால் போதுமானது. புரட்டாசி முழுவதும் அசைவம் தவிர்க்கும் வீடுகளிலும், கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுபவர் உள்ள வீடுகளிலும் இந்தக் கையிருப்பு இருமடங்காகத் தேவைப்படும். மாலை போட்டவரின் விடியற்காலைக் குளியலும் பூசையும் வீட்டின் நேர ஒழுங்கையே மாற்றுவதால், வெந்நீரும் விளக்கும் அவருடைய பொறுப்பாகவே இருப்பது முறை.

ஏழாம் படி: திருக்கார்த்திகையும் நோன்பும்

திருக்கார்த்திகைக்கு அகல், எண்ணெய், திரி ஆகியவற்றை ஒரு வாரம் முன்பு வாங்கி, புது அகல்களை ஒரு நாள் நீரில் ஊறவைத்துக் காயவையுங்கள். அப்போதுதான் எண்ணெயை அதிகம் குடிக்காது. மழை பெய்தால் விளக்கை முகப்புத் திண்ணையில் வரிசைப்படுத்தலாம்.

அன்றிலிருந்து 21 நாள் எண்ணி வருவது நகரத்தாரின் பிள்ளையார் நோன்பு. சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில், புது வேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாக்கி, வெல்லம் கலந்த மாவில் வைத்து ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையால் சுடரோடு வாங்கி உண்பதே 'இழை எடுத்துக்கொள்ளுதல்'. நகரத்தார் வீட்டுக்கு மருமகளாக வந்தவர்கள், ஆவாரம்பூ, பொரி, பணியாரம், வேட்டி ஆகியவற்றின் பட்டியலை மாமியாரிடமோ அப்பத்தாவிடமோ முன்னரே கேட்டுச் சிட்டையில் அவர்கள் சொல்லும் வரிசையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு சிறு வேறுபாடுகள் உண்டு. மற்றவர்கள், அக்கம்பக்கத்தார் அழைத்தால் தயங்காமல் செல்லலாம். அன்று மாலை நேரம் முழுவதும் அதற்கே போகும் என்பதால், மறுநாள் அரையாண்டுத் தேர்வு உள்ள பிள்ளைக்குப் பாடத்தை முந்தைய நாளிலேயே முடித்துக்கொடுக்க வேண்டும்.

நோன்பு முடிந்த வாரத்தில் சிட்டையை ஒருமுறை எடுத்து, எத்தனை கிலோ மாவு செலவானது, எது மிஞ்சியது, எந்தத் தூம்பு அடைத்தது, யாரிடம் சொல்லிய பலகாரம் நன்றாக இருந்தது, கொத்தனாருக்கு எவ்வளவு கூலி ஆனது என்பவற்றை அந்தந்தத் தேதிக்கு எதிரே எழுதி, நோட்டைப் பொங்கல் சாமான்களோடு மேலே போட்டுவிடாமல் நாள்காட்டி தொங்கும் ஆணியிலேயே மாட்டிவையுங்கள்.